பஸ் படியின் உயரம்

அவர் விழுந்தது அந்த வீட்டு மாடிப்படியில். கிடப்பது இந்த வீட்டுக் கூடத்தில். முதல் பத்து நாளும் அவள் இதையேதான் மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. மகளிடம் சொன்னால் அழுவாள். அவரிடம் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிப்பார்.

முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாயும் வெள்ளியும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "அந்த ஒரு கட்டடத்து லிஃப்ட் மட்டும் சும்மா சும்மா மக்கர் பண்ணுது" என்பார். பதினோரு வருஷமாக மக்கர் பண்ணுகிற லிஃப்ட். அது எப்பேர்ப்பட்ட லிஃப்ட் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி மடித்து வைக்க அவளுக்குத் தெரியும். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள். கறை உள்பக்கமாகப் போகிற மாதிரி மடிப்பது ஒரு கைப்பழக்கம்.

மடிப்பைப் பிரித்துப்போட்டவன் ஆம்புலன்ஸ்காரன். ஆஸ்பத்திரி வாசலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "மூணு மாடிம்மா. அந்தக் கட்டடத்துல லிஃப்டும் கிடையாது. தூக்கி இறக்கறதுக்குள்ள எங்க உயிர் போயிடுச்சு" என்றான்.

"லிஃப்டே கிடையாதா?" என்று கேட்டாள்.

"லிஃப்ட் வைக்கறதுக்கு இடமே இல்லம்மா அங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், ஆபரேஷனுக்கு நோயாளியின் மனைவி என்று போட்ட கோட்டுக்கு மேல் கையெழுத்துப் போட்டாள். இடுப்புப் பக்கத்துத் தொடை எலும்புக்குள் கம்பி வைத்துத் திருகாணி போட்டார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த வீட்டுக்கு என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் பிசியோதெரபிஸ்ட் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு பை, கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம், வாய் ஓயாத பேச்சு. அவள் உள்ளே நுழைந்த நேரம் இவள் அவரை அக்குளில் கை கொடுத்துக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ அம்மா, விடுங்க விடுங்க! இப்படித் தூக்கினா அவர் தோளும் போகும், உங்க முதுகும் போகும்."

"முதுகு எப்பவோ போயாச்சு டாக்டரம்மா. ஈரத்துணி மூட்டை தூக்கின முதுகு."

"நான் டாக்டர் இல்லம்மா. சரி, இனிமே நீங்க தூக்கக் கூடாது. அவர் எழுந்துக்கணும், நீங்க கூட நிக்கணும். அவ்வளவுதான். ஐயா, நுனிக்கு வாங்க. காலைப் பின்னால இழுத்துக்கோங்க. மூக்கு முட்டிக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னால குனியுங்க. இப்போ கையை ஊனி, எழுந்திரிங்க."

அவர் எழுந்தார். முழங்கால் நடுங்க, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பத்து நாளில் முதல் தடவையாகத் தன் உயரத்துக்கு நின்றார். அவளுக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. பத்து நாளாகத் தான் இடுப்பொடியத் தூக்கிய மனிதர், குனியத் தெரிந்தால் தானே எழுந்துகொள்வாரா?

"வலிக்குது" என்றார் அவர்.

"வலிக்கத்தான் செய்யும். படுத்தே இருந்தா இன்னும் வலிக்கும். வலி ஏறிக்கிட்டே போனா சொல்லுங்க, நிறுத்திடலாம். வந்துட்டு அடங்கிடுச்சுன்னா அது வேலை செய்யற வலி."

பிறகு பிசியோ ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். "ஐயா, மூணு மாசத்துல உங்களால என்ன செய்ய முடியணும்? உங்க வாயால சொல்லுங்க. அதை வெச்சுத்தான் நான் பயிற்சி அமைப்பேன்."

அவர் கூரையைப் பார்த்தார். "படி இறங்கணும். தெருமுனை வரைக்கும் போகணும்." கொஞ்சம் நிறுத்தி, "பஸ் ஏறணும்."

"அடடா! பாதிப்பேர் பாத்ரூம் போனா போதும்னு சொல்வாங்க. ஐயா பஸ்ஸே ஏறணும்கறார்!" பிசியோ உற்சாகமாக எழுதினாள். "பஸ்ஸோட முதல் படி முப்பத்தஞ்சு சென்டிமீட்டர். வீட்டுப் படியைப் போல ரெண்டு மடங்கு. ஏறிடலாம். அம்மா, நீங்க கூட இருந்து எண்ணணும், தினம் மூணு வேளை. செய்வீங்களா?"

"எந்த பஸ்?" என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். தெருமுனையில் ஒரே ஒரு பஸ்தான் நிற்கும். "செய்வேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் மகள் போனில் பொரிந்து தள்ளினாள்.

"உனக்கு என்னம்மா தலையெழுத்து? அங்க போறதுக்கு நீ நடை பழக்கி விடுவியா?"

"வேற என்னடி செய்யச் சொல்றே? கிடந்தா யார் அள்றது? நீ வந்து அள்ளுவியா?"

மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நடந்தா அங்க போவார். நடக்கலைன்னா இங்க கிடப்பார். ரெண்டுல எது எனக்கு நல்லதுன்னு எனக்கே தெரியல. நீ போனை வை, அவருக்கு மூணாவது வேளை எண்ணணும்."

எண்ணினாள். படுத்தபடியே குதிகாலை இழுத்து முழங்காலை மடக்குவது பத்து. கணுக்காலை ஆட்டுவது இருபது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவது பத்து. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முதலில் மூன்று, பிறகு ஐந்து, பிறகு எட்டு. அவர் ஏமாற்றுவார். ஆறுக்கு அப்புறம் எட்டு என்பார். "லிஃப்டா என்ன, மாடி விட்டு மாடி தாவறதுக்கு? ஏழு எங்க போச்சு?" என்பாள் அவள். அவர் சிரித்துவிடுவார். அவர் அவளைப் பார்த்துச் சிரித்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசிக்கப் போய், அவளுக்கு எட்டின் கணக்கும் தவறிப்போகும்.

ஐந்தாம் வாரம் வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. பிசியோ தடியை அவருடைய நல்ல பக்கத்துக் கையில் கொடுத்தாள். அவர் அதை வலிக்கிற பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"எதிர்ப்பக்கம்தான் பிடிக்கணும் ஐயா. அப்போதான் அடிபட்ட இடுப்புக்குப் பாரம் குறையும்."

"நான் முப்பத்திரண்டு வருஷம் கயிறு, பாரம், எதிர்ப்பாரம்னு வேலை செஞ்சவன். எனக்கே சொல்லித் தர்றியாம்மா?"

"அப்போ உங்களுக்கு நான் சொல்லவே வேணாமே. தடிதான் உங்க எதிர்ப்பாரம்."

அவர் ஒரு கணம் நின்று யோசித்தார். தடியை மறு கைக்கு மாற்றினார். அன்று முழுக்க அதை அவளிடம் விளக்கிக்கொண்டே இருந்தார், தானே கண்டுபிடித்த மாதிரி.

அப்புறம் ஒருநாள், இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பின்னாலிருந்து அவள் பிடித்துக்கொண்டு நடத்தியபோது அவர் திரும்பாமலே சொன்னார்: "நீ பிடிச்சாத்தான் எனக்குத் தைரியமா இருக்கு. அந்தப் பொண்ணு பிடிச்சா காலே நடுங்குது."

அவ்வளவுதான் சொன்னார். அவள் அன்று பாத்திரம் கழுவும்போது கையில் நுரையோடு வெகுநேரம் நின்றாள். அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் பயனில்லை. அடுத்த வாரம் மாடிப்படிப் பயிற்சி தொடங்க வேண்டும். அவள் தொடங்கவில்லை.

"படியில சாமான் அடைச்சு வெச்சிருக்காங்க" என்று அவரிடம் சொன்னாள். "தலை சுத்துதுன்னாரு, அதனால படிக்குக் கூட்டிட்டுப் போகல" என்று பிசியோவிடம் சொன்னாள். எட்டு நாள் இப்படியே ஓடியது. ஒன்பதாம் நாள் பிசியோ நேராக அவரிடம் கேட்டுவிட்டாள்.

"தலை சுத்தலா? எனக்கா? படியிலதான் சாமான் கிடக்குன்னு இவ சொன்னா."

பிசியோ தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். போகும்போது, "அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள். வாசலுக்கு வெளியே முப்பத்தெட்டுப் படிகளும் துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தன.

"பயமா இருக்கா, விழுந்துடுவாரோன்னு?"

"விழ மாட்டார்."

"அப்புறம் என்னம்மா?"

அவள் கைப்பிடிக் கம்பியைப் பார்த்தபடி சொன்னாள். எந்த பஸ், அது எங்கே போகிறது, அங்கே மூன்றாவது மாடியில் யார் இருக்கிறாள், எந்தெந்தக் கிழமை, எத்தனை வருஷம். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பதினோரு வருஷம் இரண்டு நிமிஷத்துக்குள் அடங்கிவிட்டதே என்று அவளுக்கே கேவலமாக இருந்தது.

பிசியோ நிறுத்துக் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில், "நடக்க வைக்கறதுதாம்மா என் வேலை. எங்கன்னு நான் கேட்க முடியாது" என்றாள்.

"நான் கேட்கச் சொல்லலியே."

"நிறுத்திடலாம்னா சொல்லுங்க, வேற யாரையாவது..."

"வேணாம். நாளைக்குப் படி செய்யறோம்."

"உங்க முதுகுக்கு மூணு பயிற்சி எழுதிக் கொடுத்தேனே, செய்யறீங்களா?"

"எனக்கு யார் எண்ணறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

படி செய்தார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். அவள் இறங்கும்போது முன்னால், ஏறும்போது பின்னால். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"என்ன சார், ஊருக்கெல்லாம் லிஃப்ட் போட்டீங்க, உங்க வீட்டுக்கு ஒண்ணு போட மறந்துட்டீங்களே?"

"ஊருக்கெல்லாம் லெட்டர் குடுத்தீங்க, உங்க வீட்டுக்கு ஒண்ணு வந்துச்சா?" என்பார் இவர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பெல்ட்டைப் பிடித்த கையோடு அவள் நிற்பாள்.

தெருவில் ஒரு கடையின் வாசல் மேடை நல்ல உயரம். பிசியோ நாடாவால் அளந்து, "முப்பத்து நாலு. இதுதான் நம்ம பஸ்" என்றாள். அதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பன்னிரண்டாம் வாரம் அவர் கம்பியைப் பிடித்து ஒரே மூச்சில் ஏறினார். முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து பதினோரு முறை எழுந்தார். பிசியோ கைதட்டினாள். "அம்மா, இது பாதிக்கு மேல உங்க உழைப்பு" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று முகம் சுருங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் குளித்துவிட்டு வந்து, "அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் குடு" என்றார்.

போட்டாள். காலர், தோள், கை, முதுகு என்று சலவைப் பிரிவின் வரிசைப்படியே போட்டாள். ஒரு சுருக்கம் இல்லை.

"நானும் வரட்டுமா?"

"வேணாம். பழைய கம்பெனி ஆள் ஒருத்தரைப் பார்க்கணும்."

"பஸ் வரைக்கும் வரேன்."

வந்தாள். பஸ் வந்தது. அவர் தடியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, நல்ல காலை வைத்து ஏறினார். அழகாக ஏறினார். உள்ளே ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் முன்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முப்பத்தெட்டுப் படியும் தனியாக ஏறி வந்து, கட்டில் விரிப்பைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். இனி அந்தக் கட்டில் கூடத்தில் எதற்கு என்று ஓரமாக நகர்த்தப் பார்த்தாள். முதுகு இடம் கொடுக்கவில்லை.

இரண்டரை மணி நேரத்தில் அவர் திரும்பி வந்துவிட்டார். சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது.

"அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"ஆள் ஊர்ல இல்ல."

அன்று அவர் பயிற்சி செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் டீ கொண்டுபோய் வைத்தபோது, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதனிடம் சொல்வது போலச் சொன்னார்: "மூணு மாடி ஏறினேன். ஒரு இடத்துலயும் உட்காரல. கதவைக்கூட முழுசாத் திறக்கல அவ. தடியைப் பார்த்தா. 'என்னால இதெல்லாம் பார்த்துக்க முடியாது, உங்களுக்குத்தான் வீட்டுல ஆள் இருக்காங்களே'ன்னு சொல்லிட்டு..." உதடு கோணியது.

அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. வரவேண்டிய கோபம் அல்ல. அதுதான் அவளுக்கே தாங்கவில்லை. மூன்று மாசம், மூன்று வேளை, ஒன்று ஒன்றாக எண்ணி எழுப்பி விட்ட மனிதனை வாசலில் நிற்க வைத்தே அனுப்பிவிட்டாளா ஒருத்தி? நான் துவைத்து வெளுத்துக் கொடுத்ததை அழுக்கென்று திருப்பி அனுப்புகிறாளா? கோபம் யார் பக்கம் நிற்கிறது என்று புரிந்ததும், டீயை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் இனி எங்கும் போக மாட்டார். அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் உட்கார்ந்தால் சாப்பிட, படுக்க மட்டும்தான் எழுந்தார். அவள் "ஒண்ணு" என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்கு வாரம் கழித்து வந்த பிசியோ நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினாள். முப்பது விநாடியில் நான்கு முறைதான் எழுந்தார்.

"என்ன ஐயா இது? பதினொண்ணு செஞ்சவர் நீங்க!"

"போதும்மா. நான் எங்க போகப்போறேன்?"

"பார்க் இருக்கு, கடை இருக்கு, உங்க பொண்ணு வீடு இருக்கு..."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பிசியோ தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இப்படியே விட்டா அடுத்த மாசம் மறுபடியும் வாக்கர். அதுக்கப்புறம் படுக்கைதான். சதை கரையறதுக்கு ரொம்ப நாள் ஆகாதும்மா. இன்னிக்கோட நான் வர வேண்டிய முறை எல்லாம் முடிஞ்சுது. நீங்கதான் எப்படியாவது எழுப்பணும்."

"எப்படியாவதுன்னா எப்படி?"

அதற்கு அந்தப் பெண்ணிடம் பயிற்சி எதுவும் இல்லை.

அந்த வாரமே நடந்தது. காலையில் கழிவறையில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. "ஏய், வா" என்றார். குனிந்து எழச் சொன்னாள். குனிய மாட்டேன் என்றார். அவள் அக்குளில் கை கொடுத்தாள். பாதி தூக்கியபோது முதுகில் யாரோ ஈட்டி இறக்கிய மாதிரி ஒரு வெட்டு. அவர் தொப்பென்று பழையபடி உட்கார்ந்தார். அவள் ஈரத் தரையில் கையும் முழங்காலும் ஊன்றி நாலுகாலில் நின்றாள். அசைய முடியவில்லை. மூச்சு விட்டாலும் வெட்டியது.

"என்ன ஆச்சு?" என்றார் மேலிருந்து.

"பிடிச்சுக்கிச்சு."

"யாரையாவது கூப்பிடு."

"நான்தான் கீழ கிடக்கேன், யாரைங்க கூப்பிட?"

அவர் கை நீட்டினார். எட்டவில்லை. எழுந்தால் எட்டும். எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குக் குளிருது" என்றார்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து நிற்க இருபது நிமிஷம் ஆனது. எதிர்வீட்டுத் தபால்காரர் வந்து அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அன்று ஜோக் எதுவும் சொல்லவில்லை.

மத்தியானம் அவள் தன் முதுகில் சுடுநீர்ப் பையைத் துணியால் கட்டிக்கொண்டு, அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"போன் வந்துச்சு."

"பொண்ணா?"

"அந்த வீட்டுல இருந்து."

அவர் திரும்பினார். ஐந்து வாரமாகச் செத்துக் கிடந்த முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. தான் போட்ட விளக்குதான் அது என்பதை அவள் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"யாரு பேசினது? அவளா?"

"அவதான்."

"உன்கிட்டயா பேசினா?"

"வேற யார் எடுப்பா போனை? அன்னிக்கு ஏதோ மனசு சரியில்லாம பேசிட்டாளாம். தடி இல்லாம நடக்க ஆரம்பிச்சதும் வரச் சொன்னா."

"தடி இல்லாமயா?" அவர் காலைக் குனிந்து பார்த்தார். "எவ்வளவு நாளாகும்?"

"ஒழுங்கா செஞ்சா ரெண்டு மாசம்."

"நிஜமா அவளேதான் கூப்பிட்டாளா?"

"அவளுக்காக நான் எதுக்குங்க பொய் சொல்றேன்?"

அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நுனிக்கு நகர்ந்தார். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். முன்னால் குனிந்தார். கையை ஊன்றி, முக்கி, முதல் தடவை பாதியிலேயே விழுந்தார். இரண்டாம் தடவை எழுந்து நின்றார். அவள் தொடவே இல்லை.

"எண்ணு" என்றார்.

"ஒண்ணு."

நான்கில் மூச்சு வாங்கியது. ஆறில் தொடை நடுங்கியது. எட்டில் உட்கார்ந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள்.

"முடியல." மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அவளைப் பார்த்தார். குழந்தை முகம். "வேற என்ன சொன்னா? அதைச் சொல்லு, செய்யறேன்."

அவளுக்கு யோசிக்க ரொம்ப நேரம் பிடிக்கவில்லை.

"ராத்திரி சரியாத் தூங்கறீங்களான்னு கேட்டா."

அவர் எழுந்தார். உட்கார்ந்தார்.

"ஒன்பது" என்றாள். முதுகிலிருந்த பை ஆறத் தொடங்கியிருந்தது. "அப்புறம், வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களான்னு கேட்டா."

அவர் எழுந்தார்.

"பத்து."